கழிநெடிலடி

1

தமிழ்ப் பண்பாடு பெண்வேஷத்துக்கு விரோதமானது என்று ஒரு பொய் நடமாடுகிறது. பண்பாட்டைத் திட்டுகிறவர்களும் இதைச் சொல்கிறார்கள். பண்பாட்டைக் காக்கப் புறப்பட்டவர்களும் இதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு தரப்பாரும் சுற்றுமுற்றும் பார்க்காதவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் யசோதையாகிப் பிள்ளையை முலையுண்ணக் கூப்பிட்டுப் பாடியிருக்கிறார். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார். வேலும் குதிரையுமாகத் திரிந்த திருமங்கை மன்னன் பரகால நாயகியானார். வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் பல கோயில்களில் பெருமாளே மோகினிக் கோலத்தில் எழுந்தருளுகிறார். சங்கரதாஸ் ஸ்வாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையிலும் அதன் பின்னால் வந்த கம்பெனிகளிலும் ஸ்திரீபார்ட் போட்டவர்கள் பையன்கள். சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதையாக நின்றிருக்கிறார். டி.கே. சண்முகம் கிழவி வேஷம் கட்டியதில் 'அவ்வை' என்பது அவர் பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு ஆண்கள் இன்றும் பெண்வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை எடுக்கிறார்கள். ஜனங்கள் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

ஆக, பெண்வேஷத்தில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. ஆனால் இந்த வரிசையை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டு வாருங்கள். கொண்டை இருக்கிறது, பூ இருக்கிறது, புடவை, வளை, சலங்கை எல்லாம் இருக்கின்றன. பாதம் மட்டும் வெறும் பாதம். கோயிலில் வெறுங்கால், கூத்துமேடையில் வெறுங்கால், நேர்த்திக்கடனில் வெறுங்கால். நம் மரபு ஆணுக்கு அனுமதித்திருக்கிற பெண்மை முழுக்கவும் வெறுங்கால் பெண்மை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த வேஷங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காரணம் நிற்கிறது. நாயகி பாவத்துக்கு பக்தி. ஸ்திரீபார்ட்டுக்குக் கலையும் பிழைப்பும். தசரா வேஷத்துக்கு வேண்டுதல். காரணம் காட்டிவிட்டால் நம்மவர்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள். ஒருவன், ஆணாகவே இருந்துகொண்டு, எந்தச் சாமிக்கும் வேண்டிக்கொள்ளாமல், எந்த மேடையிலும் ஏறாமல், 'குதிகால் உயர்ந்த செருப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, போட்டுக்கொண்டு நடக்க வேண்டும்' என்று மட்டும் சொன்னால்? அங்கேதான் சிரிப்பு கிளம்புகிறது. காரணம் சொல்லாத ஆசை நமக்கு ஆகிவராது. அதை எப்படித் தடுப்பது என்று நாம் யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. செருப்புக் கடையின் அளவுப் பட்டியல் நமக்காக அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

2

புடவைக்கு அளவு கிடையாது. ஐந்தடிக்காரியும் கட்டலாம், ஆறடிக்காரனும் கட்டலாம். ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் பக்கத்தில் தைத்து ஊரெல்லாம் போகிற நைட்டியும் பெரும்பாலும் 'ஃப்ரீ சைஸ்' சமாசாரம். ரவிக்கைக்கு அளவு உண்டு. அதைத் தெருமுனைத் தையற்காரர் நாடாவைப் போட்டு எடுத்துக்கொள்வார். தலைமயிரும் நகையும் வாடகைக்கே கிடைக்கும். செருப்பு இந்த ஜாதியில் சேராது. அது எங்கோ ஒரு ஆலையில், யாரென்று தெரியாத ஒரு காலுக்காகச் செய்த அச்சில் — தொழிலில் 'லாஸ்ட்' என்பார்கள் — இழுத்துப் பூட்டி ஒட்டப்பட்டு, பிறகு ஆளைத் தேடி வருகிறது. அந்த அச்சுக்குக் கால் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இழுத்துச் சொருகிக்கொள்ளவோ ஊசி போட்டுக் குத்திக்கொள்ளவோ வழி கிடையாது. புடவை மன்னிப்பதைச் செருப்பு மன்னிக்காது.

கணக்கைப் பார்க்கலாம். நம் கடைகளில் புழங்குவது இங்கிலீஷ் அளவு. அதன் அலகு ஒரு வாற்கோதுமை மணி, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. எண் ஒன்று கூடினால் அச்சின் நீளம் ஒரு மணி கூடுகிறது. இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எண் ஒன்றே. ஏழு என்றால் இருவருக்கும் ஏழு. பெண்களுக்கான குதிகால் செருப்பு, கடையிலானாலும் இணையத்திலானாலும், பெரும்பாலும் 7 அல்லது 8-இல் நின்றுபோகிறது. ஆண்கள் பக்கம் 6-இல் தொடங்கி 11 வரை ஓடுகிறது. வளர்ந்த ஆணின் கால் சாதாரணமாக 8, 9, 10 என்று இருக்கும். 7-க்கும் 10-க்கும் இடையில் மூன்று எண்கள். மூன்று வாற்கோதுமை. ஒரு அங்குலம். நாம் பேசிக்கொண்டிருக்கிற விவகாரம் மொத்தமும் இந்த ஒரு அங்குலத்தில் அடக்கம்.

மகாராஜபுரத்தில் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சதுரகிரி ஏறப் போகிறவர்கள் தாணிப்பாறைக்குப் போகும் வழியில் கடக்கிற ஊர், மலையடிவாரம், வயலும் தோப்பும். பத்தாம் எண் கால். அவன் வத்திராயிருப்புக்குப் போய்ச் செருப்புக் கடையில் ஹீல்ஸ் கேட்க முடியாது, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முடியாது, ராஜபாளையம் கொஞ்சம் பெரிய ஊர், அங்கே 'தங்கச்சிக்கு' என்று பொய் சொல்லி ஒரு ஜோடி வாங்கலாம். தங்கச்சியின் அதிகபட்ச அளவு 8. இரண்டு எண் சின்னதில் காலைத் திணித்து நடந்தால் குதிகாலின் பின்புறம் உரிந்துவிடும், சுண்டுவிரல் மடங்கிப்போகும். புண்ணுக்குக் கட்டுப்போடும் துணிக்கு மாத்திரம் பஞ்சமில்லை. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து தேசம் முழுக்க அனுப்புகிறார்கள்.

'பெண் செருப்பையே கொஞ்சம் நீட்டிச் செய்தால் போயிற்று, இதற்கு ஒரு கட்டுரையா?' என்று கேட்கலாம். நீட்டினால் போகாது. நாலாம் எண் செருப்பில் மூன்று அங்குலக் குதிகால் செங்குத்தாக நிற்கும். பத்தாம் எண் செருப்பில் அதே மூன்று அங்குலம் சாய்வாகப் படுத்துவிடும். அதே தோற்றம் வர வேண்டுமானால் உயரத்தையும் கூட்ட வேண்டும். உள்ளங்கால் வளைவு மாறும். விரல்பக்கம் அகலம் வேண்டும். எண்பது கிலோ ஆளின் பாரம் பென்சில் கனமுள்ள குதிகாலில் இறங்குவதால் வளைவுக்கு அடியில் வைக்கிற எஃகுப் பட்டை கனமாக வேண்டும். இல்லாவிட்டால் செருப்பு நடுவில் முறியும். ஆகவே புது அச்சு வேண்டும், புதுக் குதிகால் வார்ப்பு வேண்டும். இது யோசித்துச் செய்கிற காரியம். ஒருவரும் யோசிக்கவில்லை என்பதுதான் புகார். செய்யத் தெரியாமல் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில், பெரும்பாலும் பெண்கள் உட்கார்ந்து, ஐரோப்பியக் கம்பெனிகள் அனுப்புகிற எந்த மாதிரியையும் தைத்துக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் பத்தாம் எண்ணில் குதிகால் செருப்பு கேட்டால் மறுகேள்வி கேட்காமல் தைத்துவிடும் கை, மகாராஜபுரத்துக்காரன் கேட்டால் மட்டும் தைக்காது. அவன் கேட்பதற்கான வழியே வைக்கப்படவில்லை.

இதே அளவுப் பட்டியல் பெண்ணையும் அடிக்கிறது. ஒன்பதாம் எண் காலுள்ள பெண்கள் இல்லையா? இருக்கிறார்கள், ஆண்கள் பக்கத்தில் தட்டைச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு மௌனமாக இருக்கிறார்கள். பெண்ணின் பாதம் சிறியதாக இருக்க வேண்டும் என்கிற சாமுத்திரிகா லட்சணத்தைத்தான் 8-இல் நின்றுபோகிற பட்டியலும் ஓதுகிறது. திருநங்கைகளின் கதையைச் சொல்லவே வேண்டாம். ஆசைப்பட்ட ஆண், பெரிய கால் பெண், திருநங்கை மூவரும் ஒரே கதவின் முன்னால் நிற்கிறார்கள். மூவருக்கும் பதில் ஒன்று: 'ஸ்டாக் இல்லை.'

3

இணையக் கடை வந்ததில் ஒரு நன்மை நடந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடைக்காரனின் கண் இல்லாமல் போயிற்று. மகாராஜபுரத்துக்காரன் ராத்திரி போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு, யாருக்கும் தங்கச்சி பொய் சொல்லாமல், தனக்கு வேண்டியதைத் தேடலாம். தேடுவதற்கு ஒரு தனிமை வேண்டும் என்பதை நாம் இலக்கியத்தில் ஓயாமல் பேசியிருக்கிறோம். ஒரு கிராமத்து இளைஞனுக்கு அதை உண்மையில் கொடுத்தது ஒரு கைபேசி.

ஆனால் கடைக்காரனின் கண் போய்விட்டது என்று நினைத்தால் அது தவறு. அது பட்டியலுக்குள் குடியேறிவிட்டது. கடை திறந்ததும் முதல் கேள்வி: ஆண்களா, பெண்களா? காலின் நீளம் அப்புறம், விருப்பம் அதற்கும் அப்புறம். பெண்கள் பக்கம் போனால் 8-இல் வழி அடைபடுகிறது. சரி, ஆண்கள் பக்கம் 'ஹீல்ஸ்' என்று தட்டிப் பார்த்தால் என்ன வருகிறது? இங்கேதான் நம் ஆண்மையின் லட்சணம் முழுதாக வெளிப்படுகிறது. வருவது உயரம் கூட்டுகிற ஷூ. வெளியே சாதாரண ஷூ மாதிரியே இருக்கும். உள்ளே இரண்டு, மூன்று அங்குலத்துக்கு மேடு ஒளித்துவைத்திருக்கும். தனியாக உள்ளே போட்டுக்கொள்ள ரப்பர்த் துண்டுகளும் வரும். பெண்பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்கு, இன்டர்வியூவுக்குப் போகிறவனுக்கு, மேடையேறுகிறவனுக்கு.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆணுக்குக் குதிகாலே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தாராளமாக மூன்று அங்குலம் கூடும். அது வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். உயரம் வேண்டும், உயர்ந்திருப்பது தெரிய வேண்டாம். அழகுக்கு ஆசைப்பட்டது வெளிவரக் கூடாது. இயற்கையாகவே அப்படிப் பிறந்ததாக ஊர் நம்ப வேண்டும். பொய்யைச் செருப்புக்குள் வைத்துத் தைத்தால் அது ஆண்கள் பகுதி. உண்மையை வெளியே வைத்துத் தைத்தால் அது பெண்கள் பகுதி. மகாராஜபுரத்துக்காரன் கேட்பது இந்தப் பொய்யில்லாத குதிகாலை.

வெளிநாட்டுக் கடைகளில் பெரிய அளவு கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, எப்படிப்பட்டது? ஆறு அங்குலம், எட்டு அங்குலம், பளபளப்பு, தொடைவரை பூட்ஸ். மேடைக்காரர்களுக்கும் படுக்கையறை வேஷங்களுக்கும் செய்தது. விலையோடு சுங்கமும் தபால்செலவும் சேரும். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவது நடக்காத காரியம். கறுப்புத் தோலில், இரண்டு அங்குலத்தில், கட்டைக் குதிகால் வைத்து, ஒருவன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரிச் செருப்பு பத்தாம் எண்ணில் வேண்டுமென்றால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதீதம் கிடைக்கும், சாதாரணம் கிடைக்காது.

சினிமாவிலும் இதே கடைதான். 1996-இல் 'அவ்வை சண்முகி'யில் பெண்வேஷம் சிரிக்கவைத்தது. மனைவி, குழந்தை என்று காரணமும் இருந்தது. 2019-இல் 'சூப்பர் டீலக்ஸ்' ஷில்பாவைக் காட்டியது. துயரம் இருந்தது, விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது வந்தது. சிரிப்பு ஒரு அளவு, கண்ணீர் ஒரு அளவு. இடைப்பட்ட எண்கள் ஸ்டாக் இல்லை. சிரிக்கவும் அழவும் விடாமல், கதைக்கு ஒரு முடிச்சாகவும் ஆகாமல், சும்மா ஹீல்ஸ் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்கு நடக்கிற ஒருவனைத் தமிழ்ப் படம் எடுக்காது.

4

'இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு' என்று ஒரு கூட்டம் எழுந்திருக்கும். சரித்திரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம்.

குதிகால் வைத்த காலணி ஆண்களின் சரக்கு. அதுவும் போர்வீரனின் சரக்கு. பாரசீகக் குதிரைவீரன் அங்கவடியில் கால் நழுவாமல் எழுந்து நின்று அம்பு விடுவதற்காக அது வந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத் தொடர்பு பெருகியபோது ஐரோப்பியப் பிரபுக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1701-இல் ரிகோ தீட்டிய ஓவியத்தில் பதினான்காம் லூயி வெள்ளைக் காலுறையும் சிவப்புக் குதிகாலுமாகக் காலை முன்னே நீட்டி நிற்கிறான். ராஜரீகத்தின் அடையாளமே அந்தக் குதிகால். பெண்கள் அதை ஆண்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஆண்கள் அதைக் கைவிட்டதும் அது பெண்ணுடையது என்று ஆகிப்போயிற்று. அப்புறமும் முழுக்க விட்டுவிடவில்லை. 1970-களில் நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் பெல்பாட்டத்துக்கு அடியில் குதிகால் உயர்ந்த ஷூவைப் போட்டு 'டக் டக்'கென்று நடந்தார்கள். அப்போது பண்பாடு கவிழ்ந்துவிட்டதாக நினைவில்லை. பெல்பாட்டம் போயிற்று, ஷூவும் போயிற்று, மறதி மட்டும் தங்கிவிட்டது.

உள்ளூர்ச் சாட்சிதான் வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்துக்குப் போகலாம். கடலாடு காதையில் மாதவி ஆடுகிற பதினோராடல்களில் ஒன்று பேடியாடல்: ஆண்மை திரிந்த பெண்கோலத்தில் காமன் ஆடியது. அதற்கு அடுத்தாற்போலவே வருவது மரக்காலாடல்: அசுரர்கள் பாம்பும் தேளுமாக உருவெடுத்து வர, துர்க்கை மரத்தால் செய்த கால்களின்மேல் ஏறி நின்று அவற்றை மிதித்து ஆடியது. ஆண் பெண்கோலம் பூணுவதும், பாதத்தை மரத்தின்மேல் உயர்த்துவதும் அடுத்தடுத்த இரண்டு ஆடல்கள். உ.வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு 1892-இல் அச்சிட்டுத் தந்த நூல் இது. தமிழ்ப் பண்டிதர் ஒவ்வொருவர் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. இந்த இரண்டு ஆடலையும் ஒருவன் தன் ஒரே உடம்பில் சேர்த்துக்கொள்ள விரும்பினால் மட்டும் அது மேல்நாட்டுச் சரக்காகிவிடுகிறது.

மேல்நாட்டில் என்ன நடந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் செருப்புத் தொழிலுக்குப் பேர்போன பிரதேசம், நம் ஆம்பூர் மாதிரி. அங்கே ஏர்ல்ஸ் பார்ட்டன் என்ற ஊரில் ஸ்டீவ் பேட்மன் என்பவர் தலைமுறையாக வந்த ஆண்கள் ஷூத் தொழிற்சாலையை நடத்திக்கொண்டிருந்தார். 1990-களில் விற்பனை படுத்துவிட்டது. ஆண் கால்களுக்குப் பெண் பாணியில் குதிகால் பூட்ஸ் வேண்டுமென்று கேள்வி வந்தபோது அவர் சிரிக்கவில்லை; அளவெடுத்தார். 1999-இல் பி.பி.சி. அதைப் படமெடுத்தது. 2005-இல் 'கிங்கி பூட்ஸ்' திரைப்படம். 2013-இல் அது ப்ராட்வேயில் இசைநாடகமாகி ஆறு டோனி விருதுகள் வாங்கியது. இதைச் சுபமாக முடித்துவிட முடியாது. திரைப்படம் வருவதற்குள் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது, கதை பிழைத்துக்கொண்டது. ஆனாலும் ஆண்கள் கேட்டு வந்ததை ஒரு செருப்புக்காரர் தொழில் பிரச்னையாக எடுத்துக்கொண்டார். பட்டையைக் கனமாக்கினார், அச்சை மாற்றினார். ஒழுக்கத்தைப் பற்றி யாருக்கும் பிரசங்கம் பண்ணவில்லை. நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

5

இனி, நம் முற்போக்கு நண்பர்கள். 'பட்டினியும் ஜாதியும் இருக்கிற நாட்டில் ஹீல்ஸ் ஒரு பிரச்னையா?' என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கத் தமிழ்நாட்டில் செருப்பைவிட மோசமான உதாரணத்தை அவர்கள் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. இந்தக் கரிசல் சீமை உட்பட எத்தனை கிராமங்களில் தலித்துகள் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வைக்கப்பட்டார்கள்! தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்தவர்களுக்கே செருப்பு மறுக்கப்பட்டது. யார் காலில் என்ன இருக்கலாம் என்பதை ஊர் தீர்மானித்தது. அதை மீறியவன் அடிபட்டான். செருப்பு இங்கே என்றைக்கும் அற்ப விஷயமாக இருந்ததில்லை.

இரண்டையும் ஒன்றாக்க நான் வரவில்லை. ஜாதி விதித்தது ஒரு கட்டளை, மீறினால் ரத்தம். அளவுப் பட்டியல் செய்வது ஒரு புறக்கணிப்பு; மீறவே வழியில்லை, மீறுவதற்குப் பொருள் வேண்டுமே. துன்பத்தின் எடை வேறு. ஆனால் கால் அடுத்தவனின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்கிற பழக்கம் ஒன்றுதான். ஒன்றில் அந்தப் பழக்கத்தை அடையாளம் கண்டவர்களுக்கு இன்னொன்றில் அது தெரியாமல் போவது, தெரியவேண்டாம் என்று இருப்பதால்.

சட்டம் நகர்ந்திருக்கிறது. 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்தது. 2014 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. 2018 செப்டம்பரில் 377-ஆம் பிரிவின் பல் பிடுங்கப்பட்டது. 2022-இல் தமிழக அரசு, கேலிச் சொற்களுக்குப் பதிலாகக் கண்ணியமான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. நல்ல காரியங்கள், போராடி வாங்கியவை. ஆனால் மகாராஜபுரத்துக்காரனுக்கு இந்தப் பட்டியலில் எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை. தான் ஆண் என்பதில் அவனுக்குக் குழப்பம் இல்லை. யாரை நேசிக்கிறான் என்பதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாம் கேட்கவும் உரிமையில்லை. அவனுக்கு அடையாள அட்டை வேண்டாம், செருப்பு வேண்டும். ஒரு ஜோடி செருப்புக்கு முன்னால் 'நீ யார், என்ன பிரிவு?' என்று கேட்டு ஒரு பெயரை ஒட்டிவிட்டுத்தான் கொடுப்பேன் என்பது ஸ்திரீபார்ட் காலத்து வழக்கத்தின் புதுப் பதிப்பு. அன்று காரணம் கேட்டார்கள், இன்று அடையாளம் கேட்கிறார்கள்.

6

கடைசியாக நம்மிடம் வருகிறேன். இந்தப் பத்திரிகையை வாசிக்கிற சொற்பப் பேரிடம்.

அடையாறில் 1948-இலிருந்து இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, 79 இடங்களில், ஒரு லட்சத்து ஆயிரத்துச் சொச்சம் பேரின் பாதங்களைக் கருவி வைத்து அளந்தது. இங்கிலீஷ்காரனின் அச்சு நம் காலுக்குக் குறுகலானது, நம் பாதம் அகலமானது என்று கண்டது. நமக்கென்று ஓர் அளவுமுறையை முன்வைத்தது. பாரதத்தின் முதலெழுத்தை எடுத்து அதற்குப் 'பா' என்று பெயர். பாதங்களை எட்டுப் பிரிவாக்கினார்கள். ஆறு பிரிவுகள் குழந்தைகளுக்கும் சிறுவர் சிறுமியருக்கும். ஏழாவது, பதினாலு வயதுக்கு மேற்பட்ட பெண்கள். எட்டாவது, பதினைந்துக்கு மேற்பட்ட ஆண்கள். நம் காலை நாமே அளந்தது பாராட்டவேண்டிய காரியம். ஆனால் இங்கிலீஷ் முறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எண்ணாவது ஒன்றாக இருந்தது. இங்கே வயது வந்ததும் பாதமே இரண்டு ஜாதியாகப் பிரிந்துபோகிறது. ஒரு லட்சம் பாதங்களை அளந்தவர்கள், அந்தப் பாதங்களுக்கு உரியவர்களிடம் 'என்ன செருப்பு பிடிக்கும்?' என்றும் கேட்டிருந்தால் பிரிவுகள் இப்படி நின்றிருக்குமா?

'பா' என்று பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் யாப்பு ஞாபகம் இருந்திருக்க நியாயமில்லை. நமக்கு இருக்க வேண்டும். பாவுக்கு உறுப்பு அடி. இரண்டு சீர் வந்தால் குறளடி, மூன்று வந்தால் சிந்தடி, நாலு வந்தால் அளவடி, ஐந்து வந்தால் நெடிலடி. அதற்கு மேல் போனால்? 'ஸ்டாக் இல்லை' என்று யாப்பருங்கலக்காரிகைக்காரர் கைவிரிக்கவில்லை. கழிநெடிலடி என்று பெயர் வைத்தார். பாவுக்குள் அடங்காதவற்றுக்குத் தாழிசை, துறை, விருத்தம் என்று பாவினம் வகுத்தார்கள். கம்பன் ராமாயணத்தைப் பெரும்பாலும் அந்த விருத்தத்தில்தான் பாடினான். அளவடியைத் தாண்டிப் போகும் கழிநெடிலடி அவன் கையில் தாராளமாகப் புழங்கியது. அளவுக்கு மிஞ்சிய அடி தமிழ்க் கவிதையில் தள்ளுபடிச் சரக்காக இருந்ததில்லை. பத்தாம் நூற்றாண்டு இலக்கணக்காரனுக்கு இருந்த தாராளம் இருபத்தோராம் நூற்றாண்டுச் செருப்புக் கடைக்கு இல்லை.

நமக்கு இருக்கிறதா? 1959-இல் 'எழுத்து' வந்ததிலிருந்து நாம் அளவை உடைத்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். சீரும் தளையும் வேண்டாம், அனுபவம் தன் நீளத்தைத் தானே தேடிக்கொள்ளட்டும் என்றோம். பண்டிதர்கள் சிரித்தபோது நாம் கோபப்பட்டோம்; அந்தக் கோபம் நியாயமானது. அப்படி வந்தவர்கள் பத்தாம் எண்ணில் ஒரு குதிகால் செருப்பைப் பார்த்ததும் சிரிக்கிற சிரிப்பு பண்டிதச் சிரிப்பா இல்லையா? சிரிக்காதவர்கள் உடனே அர்த்தநாரீஸ்வரத்துக்குத் தாவிவிடுகிறார்கள். 'ஆணுக்குள் உறைகிற பெண்மை' என்று ஒரு கவிதை, அதில் நிலா, நதி, கருப்பை. அர்த்தநாரிக்கு ஒரு காலில் கழல், ஒரு காலில் சிலம்பு. செருப்பு வாங்குகிற தொந்தரவு அவருக்கு இல்லை. ஓர் ஆளின் காலை உருவகமாக்கிவிட்டால் அதற்கு அளவெடுக்க வேண்டிய பொறுப்பு தீர்ந்துபோகிறது. இது சிரிப்பைவிடச் சாமர்த்தியமான தட்டிக்கழிப்பு.

இதைத் தட்டிக்கழிக்காமல் எழுதியவர் உண்டு. இதே கரிசலிலிருந்து கி. ராஜநாராயணன் 'கோமதி' என்ற கதையை எழுதினார். அதில் தத்துவம் இல்லை. ஆளின் நடை, மயிர், உடுப்பு, யார்மேல் ஆசை என்பதெல்லாம் இருக்கின்றன. அந்த விவரங்கள்தான் அந்த மனிதனுக்கு அவர் காட்டிய மரியாதை. நம் புதுக்கவிஞர்கள் அங்கிருந்து பின்னால் போயிருக்கிறார்கள்.

கேட்பது அதிகமில்லை. ஆம்பூரில் தோல் இருக்கிறது, கை இருக்கிறது. பெண்கள் பக்கத்துப் பட்டியலில் 9, 10, 11 என்று மூன்று எண்களைச் சேர்க்கட்டும். இணையக் கடை முதலில் காலின் நீளத்தைக் கேட்கட்டும். ஆணா பெண்ணா என்று கேட்காமலே செருப்பு விற்கலாம். அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவர் இருக்கிறார். காகிதத்தில் காலை வைக்கச் சொல்லிச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்வார். தோலை அடுக்கடுக்காக ஒட்டி இரண்டு அங்குலக் கட்டைக் குதிகாலை அவரால் எழுப்ப முடியும். தலைமுறை தலைமுறையாகத் தன் காலுக்கு எது கூடாது என்று ஊர் சொல்லக் கேட்டவர். அடுத்தவன் காலைப் பார்த்து அவர் சிரிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எழுதுகிற நண்பர்களுக்கு ஒன்று. அடுத்த தடவை ஆணுக்குள் இருக்கிற பெண்ணைப் பற்றி எழுத உட்காரும்போது, அவள் கால் என்ன அளவு என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.